முதலில் சில கணினிகளில் சோதிப்போம்

தொலைவிலிருந்தே பல கணினிகளில் மென்பொருளைப் புதுப்பிப்பது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆயினும், எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் அனுப்புவது ஆபத்தானது என்பதே என் கருத்து.

2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. அந்தப் புதுப்பிப்பு 78 நிமிடங்களில் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால், முடங்கிய கணினிகள் பல இயங்கத் தொடங்கவே இல்லை. அவற்றுக்குத் தொலைவிலிருந்து திருத்தம் அனுப்ப இயலவில்லை. தொழில்நுட்பர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பிழையான கோப்பை நீக்கினர்.

பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தாமதப்படுத்தக் கூடாது எனச் சிலர் கூறலாம். எனினும், முதலில் சில கணினிகளில் சோதித்து, அவை சரியாக இயங்கினால் மட்டுமே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். சில மணி நேரத் தாமதம், பல நாள் முடக்கத்தைவிட மேலானது.