எண்ணப்படாதவர்களும் நம் அயலாரே



2023-24ஆம் நிதியாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 8.2 விழுக்காடு வளர்ந்ததாக 2024 மே மாத இறுதியில் வெளியான அரசு மதிப்பீடு கூறியது. அதே நிதியாண்டில்தான், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கிற்று. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், சேதமடைந்த 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. இரண்டும் நம் தேசத்தின் செய்திகளே. முதலாவதை மட்டும் வாசித்து, தேசம் சுகமாயிருக்கிறது என்று நாம் சொல்லிவிடலாகாது.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் உண்டாக்கப்பட்ட பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பு. பாழான வலைக்குப் பதிலாக நெய்யப்படும் புதிய வலை அதில் சேரும். கழிமுகம் இழந்த இறாலும் நண்டும் பெருகும் வளமோ அதில் கழிக்கப்படுவதில்லை. தேசிய வருமானக் கணக்கை வகுத்தவர்களில் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸே, அதைக் கொண்டு ஒரு நாட்டின் நல்வாழ்வைக் கணித்துவிட முடியாது என்று 1934இல் எச்சரித்தார்.

வேலையின்மை விகிதத்தையும் கவனியுங்கள். வாராந்தர அளவீட்டின்படி, ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவரே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டில் வாரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் கூலிக்கு வலை பழுதுபார்ப்பவர் வேலையற்றோர் பட்டியலில் வரமாட்டார். பணவீக்கமும் அப்படியே. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக் குறியீட்டில் நகர்ப்புற உணவுச் செலவின் பங்கு ஏறத்தாழ 36 விழுக்காடாக இருந்தது. வருமானத்தில் பாதியை அரிசிக்கும் பருப்புக்கும் கொடுக்கும் திருவொற்றியூர்க் குடும்பத்துக்கு, உணவு விலை ஏறும்போது உண்டாகும் சுமை அச்சராசரியைவிடக் கனமானது.

ஆகையால் புள்ளிவிவரங்களே பொய் என்று தள்ளுவோமா? கூடாது. எண்ணிப் பாராத அரசு ஏழையைக் காணாது. நாடித்துடிப்பை மட்டும் பார்த்து மருத்துவர் தீர்ப்புச் சொல்லுவதில்லை. காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, எங்கே வலிக்கிறது என்றும் கேட்கிறார். அவ்வாறே வளர்ச்சியோடு கூலியையும், கூலியோடு விலையையும், இவற்றோடு தண்ணீரின் தூய்மையையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கள்ள மரக்காலால் எளியவரை வஞ்சித்தோரை ஆமோஸ் தீர்க்கதரிசி கடிந்துகொண்டார். இன்றைய அளவுகோல்கள் கள்ளமானவை அல்ல. ஆயினும் அவை குறைவுள்ளவை. அக்குறைவை அறிந்தும் ஒற்றை எண்ணைக் கொண்டாடுவோமானால், அதில் எண்ணப்படாதவருக்கு நாம் அநீதி செய்கிறோம்.

பிரியமானவர்களே, இவ்வாரம் வளர்ச்சி விகிதத்தைச் செய்தியில் கேட்கும்போது, உங்கள் தெருவில் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? கடன் கூடிற்றா, குறைந்ததா? வீட்டில் யாராவது மருத்துவத்தைத் தள்ளிப்போட்டார்களா? அந்தப் பதில்களையும் அறிந்தவர்களாய்த் தேசத்துக்காக ஜெபிப்போம்.