வாசனை போட்டு மறைக்காதீங்க!

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் 'குப்'பென்று பூசண வாடை! உடனே நாலு அந்துருண்டையைப் போட்டு மூடிவிடுகிறோம். இது சரிதானா?

கொற்கை, ஏரல் பக்கம் கடற்காற்றிலேயே ஈரம் அதிகம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி பெருகியபோது கரையோர வீடுகளில் மெத்தையும் துணிமணியும் ஊறிப்போயின.

வாடை என்பது, 'துணியில் பூஞ்சை வளர்கிறது' என்ற எச்சரிக்கை. அது தும்மலையும் இளைப்பையும் கிளப்பிவிடும். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும்; ஈரத்தைப் போக்காது. அதிலுள்ள நாப்தலீன், 'ஜி6பிடி' குறைபாடுள்ள பச்சைக்குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையையே வரவழைக்கலாம். குழந்தைத் துணியில் அது வேண்டவே வேண்டாம்.

'இஸ்திரி போட்டா போயிடும்'னு நினைக்காதீங்க. சூடு பட்டால் வாடை இன்னும் தூக்கலாகத்தான் அடிக்கும். தண்ணீர் தெளித்துத் தேய்த்த விரிப்பை ஈரத்தோடு மடித்து வைத்தால், அதிலும் பூஞ்சை பிடிக்கும்; வாடை சட்டைக்கும் ஏறும்.

தாங்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து, இஸ்திரி விரிப்பையும் சேர்த்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். வெயிலடிக்கும் நாளில் பீரோவையும் திறந்து வையுங்கள். காசு கேட்காத வைத்தியர் சூரியன்தானே!