மீன் தொட்டிக்கு எந்தக் கண்ணாடி?

ஓசூரை அடுத்த தளியின் குளுமை தங்கமீனுக்கு மிகவும் பிடிக்கும். "பிளைவுட்டில் தொட்டியை நாமே செய்துவிடலாம்" என்று உங்கள் வீட்டுக்காரர் கிளம்பியிருக்கிறாரா? செய்யட்டும், ஆனால் கண்ணாடி வாங்க நீங்களும் கூடப் போங்கள்!

தொட்டியின் நீளத்தைவிட நீரின் உயரமே முக்கியம். நீளம் அதே இருக்க, உயரம் இரட்டித்தால் கண்ணாடி தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். 3 அடி நீளத் தொட்டியில் ஒன்றரை அடி உயரத்துக்கு நீர் நின்றால், முன்பக்கக் கண்ணாடியைச் சுமார் 95 கிலோ பாரம் தள்ளும். ஜன்னலுக்குப் போடும் 4 மி.மீ. கண்ணாடி இதற்கு உதவாது, 10 மி.மீ. வேண்டும்.

கழற்றிப் போட்ட பழைய கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் பிறக்கும். 'டஃபன்ட்' கண்ணாடி என்றால் முதலிலேயே அளவைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். பிறகு அதை அறுக்க முடியாது.

கண்ணாடியைச் சட்டத்தின் உட்புறமாகப் பதித்து, மீன் தொட்டிக்கான சிலிகானால் ஒட்டச் சொல்லுங்கள். அப்போது நீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். நன்றாகக் காய்ந்தபின், வாசலில் வைத்து நீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள்.

பிறகு மீன் வரட்டும். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாலும் உங்களுக்குப் பயமில்லை!