இருமல் மருந்துதானே என்று இருந்து விடாதீர்கள்!

எங்கள் பேத்துப்பாறையில் பனி இறங்க ஆரம்பித்து விட்டால் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். போன மார்கழியில் என் மாமியாருக்கும் இருமல் பிடித்துக் கொண்டது. பெருமாள்மலைக்குப் போன என் கணவர், மெடிக்கலில், "இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க" என்று வாங்கி வந்தார். யாருக்கு, என்ன வயசு என்று கடையிலும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மாமியார் ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தக்கொதிப்பு மாத்திரையும், ராத்திரியில் தூக்க மாத்திரையும் சாப்பிடுபவர். அதோடு இந்த சிரப்பையும் வேளைக்கு ஒரு மூடி கொடுத்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் எழுந்தவர், தள்ளாடி வாசற்படியில் விழுந்து விட்டார். நெற்றியில் காயம். "கண்ணைத் திறக்கவே முடியலம்மா" என்று முனகினார். பதறிப்போய் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

பாட்டிலைப் பார்த்த டாக்டர், "ஏம்மா, இதுல இருக்கிற குளோர்பெனிரமின் தூக்கத்தைக் கொடுக்கும். தூக்க மாத்திரையும் சேர்ந்தா வயசானவங்க தாங்குவாங்களா? இதுல பினைல்எஃப்ரினும் இருக்கு. அது ரத்தக்கொதிப்பை ஏத்தி விடும்" என்று கடிந்து கொண்டார். சில சிரப்பில் பாராசிட்டமால் இருக்குமாம். தெரியாமல் காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு மீறி, கல்லீரலைக் கெடுத்து விடுமாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள சிரப்பை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாதாம்.

2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியைப் படித்து அழுதவள்தான் நான். அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்ததைத் தமிழக அரசின் பரிசோதனைதான் கண்டுபிடித்தது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து கூடாது, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது சொன்னது. அதெல்லாம் நஞ்சு கலந்த மருந்தின் கொடுமை என்றிருந்தேன். நல்ல மருந்தே, இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் ஆளைச் சாய்க்கும் என்று பட்ட பிறகுதான் புரிந்தது.

சகோதரிகளே, பத்தாம் வகுப்போடு நின்ற என்னால் பாட்டிலில் உள்ள பொடி இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் வாய் இருக்கிறதே! இப்போது மாமியாரின் மாத்திரைப் பெயர்களை என் மகளிடம் ஓர் அட்டையில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இருமல், காய்ச்சல் எதுவானாலும் அட்டையைக் காட்டி, "இதோடு சேர்த்துக் கொடுக்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் வாங்குகிறோம். அளவும் கண்ணளவு இல்லை; கோடு போட்ட மூடியில்தான்.

மெடிக்கல் கடைக்காரர்களும், "வேறென்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய் விடுவார்கள்? மருந்துப் பெயரோடு, எச்சரிக்கையையும் தமிழில் அச்சடித்தால் என்னைப் போன்ற எத்தனையோ பேருக்கு உதவுமே! சம்பந்தப்பட்டவர்கள் யோசிப்பார்களா?

- ஒரு வாசகி, பேத்துப்பாறை.