பழுதும் பகுத்தறிவும்

ஒரு கருவி பழுதுற்றால் நாம் என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம், அசைத்துப் பார்க்கிறோம், ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிப் பார்க்கிறோம். கருவி சில வேளைகளில் மீண்டும் இயங்கிவிடுவதும் உண்டு. ஆயினும், அது ஏன் நின்றது, ஏன் இயங்கியது என்பதை நாம் அறிந்தோமில்லை. காரணம் அறியாமல் செய்த திருத்தம் திருத்தம் ஆகாது என்பதே என் கருத்து. பழைய அளவைக் கருவி ஒன்றைக் கொண்டு இதனை விளக்குவேன்.

மின்னழுத்தம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டும் கருவிக்கு அலைகாட்டி என்று பெயர். வானொலி, தொலைக்காட்சி, கணிப்பொறி முதலியவற்றை ஆக்குவோருக்கும் திருத்துவோருக்கும் அது கண் போன்றது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் 1946-ஆம் ஆண்டில் தோன்றிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அலைகாட்டிகளால் புகழ் பெற்றது. அது 1972-இல் வெளியிட்ட 465 என்னும் அலைகாட்டி, நொடிக்குப் பத்துக் கோடி முறை அலையும் மின்னலைகளையும் காட்ட வல்லது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதனைப் பேணிப் பயன்படுத்துவோர் உள்ளனர்.

அத்தகைய அலைகாட்டி ஒன்றில் ஒளிக்கோடு தோன்றவில்லை என்று கொள்வோம். எங்கே தொடங்குவது? அக்கருவிக்கென எழுதப்பட்ட பழுதுபார்ப்புக் கையேடு இதற்கு விடை கூறுகிறது. முதலில், குமிழ்கள் உரிய நிலையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். குமிழைத் தவறாகத் திருப்பிவிட்டு, இல்லாத நோய்க்கு மருந்து தேடுவோர் உண்டு. அடுத்து, அதனுடன் இணைத்த பிற கருவிகளை ஐயுற வேண்டும். பின்னர், கருகிய உறுப்போ அறுந்த கம்பியோ உண்டா என்று கண்ணால் நோக்க வேண்டும். இவற்றிற்குப் பிறகே அளந்தறியும் வேலை வரும்.

அக்கருவியில் மின் வழங்கும் பகுதி, 110, 55, 15, 5 வோல்ட் நேர் அழுத்தங்களையும் 8 வோல்ட் எதிர் அழுத்தத்தையும் தருகிறது. ஒவ்வொன்றையும் அளந்தபோது, 15 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை எனக் கண்டோம் என்க. அவசரக்காரர், ‘மின் வழங்கும் பகுதி கெட்டது’ என்று முடிவு செய்து அதன் டிரான்சிஸ்டர்களை மாற்றுவார். பயன் இராது. ஆராய்பவரோ மின் தொடர்பை நீக்கிவிட்டு, அவ்வழிக்கும் கருவியின் உலோகச் சட்டத்திற்கும் இடையே உள்ள மின்தடையை அளப்பார். தடை மிகக் குறைவாக இருந்தால், எங்கோ குறுக்குச் சுற்று நேர்ந்துள்ளது என்பது புலனாகும். மின்சுற்றுப் பலகைகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாக விலக்கி வருகையில், ஒரு பலகையை விலக்கியதும் தடை உயர்கிறது. குற்றவாளி அங்கே ஒளிந்திருக்கிறான்! புளியங்கொட்டை அளவேயுள்ள டான்டலம் மின்தேக்கி ஒன்று முதுமையால் உள்ளே இணைந்துபோயிருக்கும். மின் வழங்கும் பகுதியோ, அளவு கடந்த மின்னோட்டத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே அழுத்தத்தைத் தாழ்த்தியது. கடைமடையில் கரை உடைந்தால், குளத்தைக் குறை கூறலாமா?

‘பழைய மின்தேக்கிகள் அனைத்தையும் ஒருங்கே மாற்றிவிட்டால் காலம் மிச்சமாகுமே’ என்று சிலர் கூறுவர். மின்தேக்கிகள் முதுமையால் கெடுவது உண்மையே. ஆயினும், நல்லனவற்றையும் பிடுங்கும்போது பலகையின் செம்புத் தடங்கள் பெயரலாம். புதியதைத் திசை மாற்றிப் பொருத்திவிடலாம். ஒரு பழுது இருந்த இடத்தில் மூன்று பழுதுகள் தோன்றும். அளந்து, கெட்டது எனத் தெளிந்ததை மாற்றுவதே முறை.

கருவி இயங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணலாகாது. அதன் அளவு சரியா என்று சோதித்துத் திருத்த வேண்டும். நின்றுபோன அலைகாட்டி எவரையும் ஏமாற்றாது. தவறாக அளக்கும் அலைகாட்டியோ, அதனை நம்பித் திருத்தப்படும் கருவிகளையெல்லாம் கெடுத்துவிடும். எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அதன் கதிர்க்குழாயில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கலாம். முறையறிந்தவர் துணையின்றி மூடியைத் திறக்கக் கூடாது.

இவ்வாறு ஆராய இயல்வது எதனால்? ஆக்கியோர் தம் அறிவை மறைக்காமையால் அன்றோ? மின்சுற்று வரைபடம், அது இயங்கும் முறை, குறித்த இடங்களில் இருக்க வேண்டிய அழுத்தம் ஆகிய யாவற்றையும் கையேட்டில் அச்சிட்டுத் தந்தனர். அந்நிறுவனத்தின் முந்தைய அலைகாட்டிகள் சிலவற்றிற்கு வெள்ளி கலந்த பற்றாசு தேவைப்பட்டது. அதில் ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினர். என்றோ, எங்கோ, முகமறியாத ஒருவர் திருத்துவார் என்று எண்ணி வைத்த சுருள் அது. பொருளை விற்போர் அதைத் திருத்தும் அறிவையும் உடன் தருதல் கடமை; பல பொருள்கள் வரைபடமின்றியே விற்கப்படும் இந்நாளில் இதனை வற்புறுத்திக் கேட்டல் நம் உரிமை.

மாணவர்களே! பழுது நேராத பொருள் உலகில் இல்லை. அது நேர்ந்தபோது கையை நீட்டுமுன் கருத்தைச் செலுத்துங்கள். அளந்து அறிந்து, அறிந்தபின் திருத்துங்கள்.