மனச்சோர்வுக்கு மருந்து சோற்றுப் பானையில் இல்லை

"மனசு சரியில்லை" என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால், சேலத்தை ஒட்டிய எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இப்போது முதலில் கிடைக்கும் பதில், "வயித்தைச் சரி பண்ணு, எல்லாம் சரியாப் போயிரும்" என்பதுதான். காலையில் பழைய சோறு, மத்தியானம் தயிர், காசிருந்தால் குப்பியில் விற்கும், உயிருள்ள நுண்ணுயிர்கள் கலந்த ப்ரோபயாடிக் பானம். மூளைக்கு வேண்டிய செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குடலில்தான் சுரக்கிறது, அங்கே நல்ல நுண்ணுயிரை வளர்த்துவிட்டால் மாத்திரையே தேவையில்லை என்று கைப்பேசியில் வரும் காணொளிகள் இதற்கு விளக்கமும் தருகின்றன. தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். இது தவறு. ஆளைக் கெடுக்கிற தவறு.

உடம்பில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உண்டாவது உண்மை. காணொளிகள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தச் செரட்டோனின் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் உண்டாவதன் முக்கிய வேலை குடலை அசையவைப்பது.

அடுத்ததாக எலியைக் காட்டுவார்கள். 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் ஒருவகை லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிரை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. உலகமே அதைப் பேசியது. 2017-இல் அதே நகரத்தில் அதே நுண்ணுயிரை நலமாக உள்ள மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இதை எந்தக் காணொளியும் சொல்வதில்லை. அதே ஆண்டு நியூசிலாந்தில், மருந்து எடுத்துக்கொள்ளாத, மனம் சோர்ந்த 79 பேரிடம் நடந்த சோதனையிலும் ப்ரோபயாடிக் உதவவில்லை.

நம்பிக்கை தரும் முடிவுகளும் உண்டு. அவற்றை மறைப்பது நியாயமல்ல. 2023-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வில், 14 வகை நுண்ணுயிர்கள் கலந்த ப்ரோபயாடிக்கை எட்டு வாரம் எடுத்துக்கொண்டவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் மொத்தமே 49 பேர். அதைவிட முக்கியம், அவர்கள் எல்லோரும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டும் முழுக் குணம் காணாதவர்கள். மாத்திரையோடு சேர்த்துத்தான் ப்ரோபயாடிக் கொடுத்தார்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. "மாத்திரையைத் தூக்கிப் போடு" என்பதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடுவது பொய் சொல்வதுதான்.

பழைய சோறு விஷயத்திலும் இதே குழப்பம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதை ஆராய்கிறார்கள் என்று பெருமையோடு சொல்கிறார்கள். அங்கே ஆராய்வது குடல் அழற்சி நோயை. மனநோயை அல்ல.

இந்த வட்டாரத்தில் தறி ஓட்டியவர்களும் காடு கழனியில் பாடுபட்டவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பழைய சோற்றையும் கம்பங்கூழையும் குடித்துத்தான் வேலைக்குப் போனார்கள். அந்த வீடுகளில் மனம் முடங்கியவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? பிள்ளை பெற்றபின் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்களைப் பேய் பிடித்தவர்கள் என்றார்கள். வேலைக்குப் போக முடியாமல் படுத்தே கிடந்த ஆண்களைச் சோம்பேறி என்றார்கள். அவர்களும் அதே பானையிலிருந்துதான் சாப்பிட்டார்கள்.

மனநோயின் வேர் வயிற்றில் என்ற எண்ணம் புதியதல்ல. 1910-இல் லண்டன் பெத்லெம் மருத்துவமனையில் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ் 18 நோயாளிகளுக்கு உயிருள்ள லாக்டிக் நுண்ணுயிர்களைக் கொடுத்து, 11 பேர் குணமானதாக எழுதினார். அதைக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. மனச்சோர்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தணியும். அப்போது எதைச் சாப்பிட்டார்களோ அதற்குப் பெயர் போய்விடும். அமெரிக்காவில் இந்த எண்ணம் கொடூரமாக மாறியது. 1907 முதல் 1930 வரை நியூ ஜெர்சியின் ட்ரெண்டன் மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் ஒளிந்திருக்கும் தொற்று என்று நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், பிறகு டான்சிலை எடுத்தார், பிறகு பெருங்குடலை வெட்டினார். நூற்றுக்கு 85 பேர் குணம் என்று அறிவித்தார். குடல் வெட்டப்பட்டவர்களில் பத்துக்கு மூன்று பேராவது செத்துப்போனார்கள். பில்லிஸ் கிரீனேக்கர் என்ற மருத்துவர் சரிபார்த்தபோது காட்டனின் கணக்கு நிற்கவில்லை. அந்த அறிக்கையையும் அமுக்கிவிட்டார்கள். தயிர் யாரையும் கொல்லாது, தெரியும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் "எனக்குத் தெரியும்" என்று நோயாளியின் உடம்பில் கை வைக்கும் துணிச்சல் அன்றும் இன்றும் ஒன்றே.

இதன் கெடுதல் தயிரில் இல்லை, தள்ளிப்போடுவதில் இருக்கிறது. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சைக்கே வருவதில்லை. வந்த சொற்பப் பேரையும் திருப்பி அனுப்பும் வேலையைத்தான் இந்தப் பேச்சு செய்கிறது. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் உறவினர் வந்து "இதெல்லாம் பழகிப்போயிரும், நிறுத்து" என்கிறார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம்; நோயும் திரும்பலாம்.

இன்னொன்றும் நடக்கிறது. நோயோடு பழியும் சேர்ந்து வருகிறது. "நீ ஒழுங்காச் சாப்பிடலை, அதான்" என்கிறார்கள். பசி செத்துப்போவதே இந்த நோயின் அறிகுறி என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. 2019-இல் பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் குறைந்திருந்தன. அவை குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்து சாப்பாடு கெட்டதால் அவை குறைந்தனவா என்று அந்தக் கணக்கு சொல்லாது.

நல்ல சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய சோறு பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தைராய்டு குறைவும் ரத்தசோகையும் பி12 குறைவும் மனச்சோர்வு போலவே தெரியும். ரத்தப் பரிசோதனைதான் அதைச் சொல்லும், பானை சொல்லாது. உணவுப் பொருளாக விற்கும் ப்ரோபயாடிக் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விற்பவரே ஒப்புக்கொள்வதை நாம் ஏன் மறுக்கிறோம்?

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்று ஒருமுறை சொன்னால்கூட, அவர்களுக்குச் சமையல் யோசனை சொல்லாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே உட்காருங்கள். போக முடியாத இரவென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.