49-ஆவது மணி நேரம்

நம் திரைப்படங்களில் விபத்துக் காட்சிக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. மூடிய கதவு, அதன்மேல் எரியும் சிவப்பு விளக்கு, வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் மருத்துவர். கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நாம் கேட்டதேயில்லை.

அங்கே நடப்பது ஓர் ஒழுங்கு. அடிபட்டு வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகை பிரிக்கிறார்கள். யாருடைய உயிருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே முதலிடம். பெருகும் குருதியை அடக்கி, மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவுநிலை என்று வரிசையாகச் சோதிக்கிறார்கள். பார்க்கக் கோரமான எலும்பு முறிவைவிட, வயிற்றுக்குள் ஓசையின்றிக் கசியும் இரத்தமே அவர்களை அச்சுறுத்துகிறது. அலறுபவரைக் காட்டிலும் அமைதியாய்க் கிடப்பவரே கவலைக்குரியவர்.

இந்த ஒழுங்கு பயன்பட, முதலில் வாசல் திறக்க வேண்டுமே! 'போலீஸ் கேஸ்' என்று சொல்லித் திருப்பியனுப்பிய காலம் ஒன்றிருந்தது. சட்ட நடைமுறைகளுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவ வருவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்பளித்தது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது. எந்த ஊரார், எந்த நாட்டார் என்று அது கேட்கவில்லை. மனமாரப் பாராட்டுவோம்.

ஆயினும் நம் கவலை 49-ஆவது மணி நேரத்தைப் பற்றியது. தலையில் அடிபட்டவர் பிழைத்துவிடுகிறார். பேச்சு திரும்ப மாதங்கள் ஆகலாம். தண்டுவடம் முறிந்தவருக்குப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அடுத்த எதிரிகள். இவற்றைத் தடுக்க, வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைக்கும் கைகளும், உடற்பயிற்சி தருவோரும், வீட்டாருக்குப் பொறுமையாய்ச் சொல்லிக்கொடுக்கும் செவிலியரும் வேண்டும். அந்தப் பாரமோ பெரும்பாலும் ஒரு தாயின், ஒரு மனைவியின் தோளில் இறங்குகிறது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளானால் அந்த வருமானமும் நின்றுபோகிறது.

மீட்ட உயிரை வாழ்வாக்கித் தருவதும் சிகிச்சையின் பகுதியே. ஒவ்வொரு மாவட்டத்திலும், போதிய ஆட்களோடு இயங்கும் மறுவாழ்வுப் பிரிவு வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும். எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. அந்தச் சிவப்பு விளக்கு அணைந்த பிறகு தொடங்கும் கதையை இனியேனும் எழுதுவோம்.